இருபது ஒட்டுகள்



ஒட்டுப் போடுவது என்றால் நமக்கெல்லாம் சற்று இளக்காரந்தான். கிழிந்த வேட்டிக்கு ஒட்டு, ஓட்டைக் குடத்துக்குப் பற்று, பழுதான சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் துண்டு என்று, ஒட்டுப் போட்ட பொருளைக் கண்டவுடனே அதன் சொந்தக்காரருடைய சட்டைப்பையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன். ஒட்டு என்பது எப்போதுமே மறைக்க வேண்டிய குறை அன்று. சில வேளைகளில் ஒரு பொருளைப் பற்றி நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தியே அதுதான். இதை எனக்குக் கற்பித்தது ஒரு சாண் நீளங்கூட இல்லாத ஒரு மாதிரி விமானம். அந்தப் பாடத்தைப் பற்றியும், அதைப் படிக்க எனக்குத் துணைசெய்த ஒரு சுருள் ஒட்டு நாடாவைப் பற்றியும் இன்று உங்களிடம் சில நிமிஷங்கள் பேச விரும்புகிறேன்.

மாதிரி விமானங்கள் செய்வது என்னுடைய பொழுதுபோக்கு. கடையில் வாங்குகிற பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கையும் உடலும் சக்கரமும் கொத்துக் காய்களைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்கி எடுத்து, பசை இட்டு இணைத்து, பொருத்துவாய்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, வர்ணம் பூசிவிட்டால் விமானம் தயார். இவற்றை ஏதோ ஓர் உத்தேசத்தில் செய்துவிடுவதில்லை. 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு என்று கணக்கு உண்டு. முதலாவது கணக்கு ஆங்கிலேயருடைய அடி, அங்குல அளவைக்கு மிகவும் இசைவானது. மெய்யான விமானத்தில் ஆறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, நண்பர் விமானம் எது, பகைவர் விமானம் எது என்று வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு மர மாதிரிகளை லட்சக்கணக்கில் செய்யச் சொன்னபோது, இந்த 72-இல் ஒரு பங்கு என்னும் அளவையே வைத்தது. அந்த மாதிரிகளுக்கு உருவம் ஒன்றே போதும். வானத்தில் வெகு தூரத்தில் தெரியும் நிழலை அடையாளங் காண்பதற்கு, மேல்தகட்டில் என்ன இருக்கிறது என்பது வேண்டுவதில்லை. பொழுதுபோக்காகச் செய்கிறவனுக்கோ அப்படியன்று. அவன் கண்ணுக்கு அருகிலே வைத்துப் பார்க்கிறான். அவனுக்கு மேற்பரப்புத்தான் முகம்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஹாக்கர் டைபூன் என்னும் பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். உடலின் இரு பாதிகளையும் ஒட்டியாயிற்று. பொருத்துவாயைத் தேய்க்கும்போது, வாலுக்குச் சற்று முன்னால், உடலைச் சுற்றிலும் ஏதோ சிறு சிறு மேடுகள் விரலில் தட்டுப்பட்டன. எள்ளளவு இருக்கும். அச்சு வார்த்தபோது நேர்ந்த பிசிறு என்று எண்ணிவிட்டேன். உப்புத்தாளை நனைத்துக்கொண்டு, பொறுமையாக அரை மணி நேரம் தேய்த்து, ஒரு மேடுகூட இல்லாமல் வழவழப்பாக்கினேன். தடவிப் பார்த்தேன், பட்டுப் போல இருந்தது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று இரவு அந்த விமானத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்த பிறகு, அந்த வழவழப்பான வாலைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

டைபூன் விமானத்தை வகுத்தவர் சிட்னி காம். அதன் முதல் மாதிரி 1940 பிப்ரவரியில் பறந்தது. இருபத்து நான்கு சிலிண்டர்கள் கொண்ட நேப்பியர் சேபர் என்னும் யந்திரம் அதனை இழுத்தது; இரண்டாயிரம் குதிரைச் சக்திக்கு மேல் அதன் வலிமை. சமமட்டத்தில் மணிக்கு 400 மைலைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் சண்டை விமானம் அதுவே. ஆனால் தொடக்கத்திலிருந்தே அதன் உடல் சோதனைக்கு உள்ளாயிற்று. 1940 மே மாதத்தில் சோதனை விமானி பிலிப் லூக்கஸ் பறந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய ஆசனத்துக்குப் பின்னால் உடல் பிளந்து, பிளவின் வழியே வெளிச்சம் தெரிந்தது. அவர் பாராசூட்டில் குதித்திருக்கலாம். குதிக்காமல் விமானத்தை மெல்லக் கொண்டுவந்து இறக்கினார். அந்தத் துணிவுக்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது.

1941-இல் விமானம் படையில் சேர்ந்தது. அதன் பின்னர் வால் முறிந்து விழும் விபத்துகள் நேர்ந்தன. தொடக்கத்தில் நேர்ந்த விபத்துகளில் விமானியின் பிழையாக இருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்தது. இறந்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது அல்லவா? 1942 ஆகஸ்டில் கென்னத் செத்-ஸ்மித் என்னும் சோதனை விமானி, நேர்ப்பாதையில் வேகச் சோதனை செய்துகொண்டிருக்கையில், விமானம் வானத்திலேயே உடைந்து அவர் மாண்டார். இவர் கைதேர்ந்த விமானி. செய்துகொண்டிருந்ததோ வழக்கமான சோதனை. எனவே பிழை விமானியிடம் இல்லை, விமானத்தில்தான் இருக்கிறது என்று காம் குழுவினர் உடனே தீர்மானித்துக் காரணத்தைத் தேடினார்கள்.

வாலின் கிடைப்பகுதியில் கீல் வைத்து மேலும் கீழும் அசையும் பலகைக்கு எலிவேட்டர் என்று பெயர். அது காற்றில் நடுங்காமல் இருப்பதற்கென்று ஓர் எதிர்ப்பாரம் அமைத்திருந்தார்கள். அந்தப் பாரம் தான் பொருந்தியிருந்த இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பாரம் போனதும், பெருங்காற்றில் கட்டிய கொடி படபடப்பது போல, எலிவேட்டர் கடுமையாகப் படபடத்திருக்கிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கமாட்டாமல் வால் முறிந்தது. இதற்கு மாற்றாக உள்ளே சில பகுதிகளை வலுப்படுத்தினார்கள். வெளியே, வால் பகுதி உடலோடு சேருகின்ற இணைப்பின் மீது, இரண்டு பக்கத்தையும் பற்றிக்கொள்ளும்படி, சுற்றிலும் இருபது சிறு உலோகத் தகடுகளை வைத்து ரிவெட்டு அடித்தார்கள்.

நான் பிசிறு என்று எண்ணித் தேய்த்துத் தள்ளியவை அந்த இருபது தகடுகளே.

அந்த மாற்றம் நோயை அடியோடு தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர் முடியும் வரையிலும் சில விமானங்கள் அவ்வாறே முறிந்தன. எனினும், 1944-இல் நார்மண்டிப் போர்முனையில் ராக்கெட்டுகளைச் சுமந்து சென்ற டைபூன்கள் அந்த ஒட்டுகளை அணிந்துகொண்டுதான் சென்றன. மொத்தம் 3,317 விமானங்கள் செய்தார்கள். முழுமையாக இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு உரியது. ஒரு விமானம் எந்தக் காலத்தது, அது எந்த விபத்துக்குப் பிற்பட்டது, அதற்காக எத்தனை பேர் உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த எள்ளளவு மேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றை அழித்துவிட்டு, விமானம் அழகாக இருக்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அழித்ததைத் திரும்ப எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

எதைக் கொண்டு எழுதுவது? இங்கேதான் கணக்கு வேண்டியிருக்கிறது. மெய்யான தகட்டின் கனம் இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 72-இல் ஒரு பங்கு, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. நம் தலைமயிரைவிட மெல்லியது! கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கால் மில்லிமீட்டர் கனம் உள்ளது. அதை வெட்டி ஒட்டினால், மெய்யான விமானத்தில் 18 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பலகையை ஒட்டியதாக ஆகும். அந்த விமானம் தரையை விட்டு எழும்புமா? நாம் எழுதும் காகிதங்கூடக் கணக்குப்படி ஏழு மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. இந்த நிலையில்தான் ஒட்டு நாடா கைகொடுக்கிறது. செல்லோ டேப் என்று நாம் சொல்லும் கண்ணாடி நாடாவின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 72-ஆல் பெருக்கினால் மூன்றரை மில்லிமீட்டர். உண்மையைவிடச் சற்று அதிகந்தான். ஆனால் அந்தச் சிறு மிகை தேவையாகவும் இருக்கிறது. கணக்குக்குச் சரியாக வைத்தால், மேலே பூசும் வர்ணத்தில் தகடு முழுகிப்போய்க் கண்ணுக்கே தெரியாது. ஓவியன் புருவத்தைச் சற்று அழுத்தி வரைவதில்லையா? அதைப் போன்றதுதான் இது.

இந்த நாடாவின் பிறப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1920-களில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்கு இரட்டை வர்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வர்ணம் மற்றதன்மேல் படாதபடி மறைத்துப் பூசுவதற்கும், பிறகு மறைப்பை எடுக்கும்போது வர்ணம் பெயராமல் இருப்பதற்கும் ஒரு வழி தேவைப்பட்டது. 3எம் கம்பெனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925-இல் அதற்காகவே காகித நாடாவைக் கண்டுபிடித்தார். அதுதான் வர்ணக்காரர்கள் கையில் உள்ள மாஸ்கிங் டேப். 1930-இல் அவரே கண்ணாடி நாடாவையும் தந்தார். வர்ணம் படாமல் தடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் உரித்து எறியப்படுவதற்கென்று பிறந்த காகித நாடாவின் இனத்தைச் சேர்ந்தது அது. அதையே நான் உரிக்காமல் வர்ணத்துக்கு அடியில் நிலையாக வைக்கப் புறப்பட்டேன்.

முதல் முயற்சி தோற்றது. மேசை அறையில் கிடந்த மலிவான கண்ணாடி நாடாவை எடுத்து, இருபது துண்டுகள் வெட்டி ஒட்டி, வர்ணமும் பூசிவிட்டேன். அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கோடைக்காலம் கழிந்தது. பசை இளகி, துண்டுகளின் ஓரம் காய்ந்த சருகு போலச் சுருண்டு மேலெழுந்துவிட்டது. மின்சார வேலைக்காரர்கள் சுற்றும் கறுப்பு நாடாவும் உதவாது. அதை இழுத்து ஒட்டினால், தன் பழைய நீளத்துக்குச் சுருங்கிக்கொண்டு ஓரத்தில் பசையைக் காட்டும். சாதாரண மாஸ்கிங் டேப்பில் சுருக்கங்கள் உண்டு. வர்ணத்தின் வழியே அவை வரி வரியாகத் தெரியும். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது, குளிர்சாதன வேலைக்காரர்கள் குழாய் இணைப்புகளில் ஒட்டுகிற அலுமினிய நாடா. அது இழுபடாது; சுருங்காது; அழுத்திய இடத்தில் அழுந்தியபடியே இருக்கும். இதிலே இன்னொரு பொருத்தமும் உண்டு. மெய்யான பெரிய விமானங்களிலும், சிறு பழுதுகளை நிரந்தரமாகச் செப்பனிடும் வரையில், இதே இனத்தைச் சேர்ந்த உறுதியான அலுமினிய நாடாவைத் தற்காலிகமாக ஒட்டுவதுண்டு.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரியைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நாடா பிடிக்காது. நாடாவை முதலில் ஒரு கண்ணாடித் துண்டின்மீது ஒட்டிக்கொண்டு, புதிய பிளேடும் எஃகு அளவுகோலும் கொண்டு ஒரே அகலத்தில் நீள ரிப்பன்களாக அறுக்க வேண்டும். பிறகு குறுக்கே அறுத்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் கிடைக்கும். ஒவ்வொன்றாக வெட்டினால் ஒன்று போல மற்றொன்று இராது. பிளேடு மழுங்கியிருந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும்; ஆகவே பிளேடு விஷயத்தில் சிக்கனம் கூடாது.

துண்டுகளை நேர்வரிசையில் வைப்பதற்கு, ஓர் ஒல்லியான மாஸ்கிங் டேப்பை உடலைச் சுற்றி வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டேன். மெய்யான விமானத்தின் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு தகட்டின் இடத்தையும் அதன்மேல் பென்சிலால் குறித்தேன். துண்டைக் கையால் தொடாமல், பிளேடின் நுனியால் எடுத்துக் குறித்த இடத்தில் வைத்து, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்த்து அழுத்தினேன். மூலைகளைச் சற்றே மழுக்கிவிட்டால் பிற்பாடு கிளம்பாது. வழிகாட்டி நாடாவை உரித்தெடுத்த பிறகு, பிரைமரைப் பனி படிவது போல மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் வழிய வழிய அடித்தால், தின்னர் ஓரத்தின் வழியே உள்ளே புகுந்து பசையைக் கரைத்துவிடும். பிரைமர் காய்ந்ததும் நாடாவும் பிளாஸ்டிக்கும் ஒரே உலோகமாகத் தோன்றும். எது வார்த்தது, எது ஒட்டியது என்று செய்தவனுக்கே தெரியாது.

இந்த வித்தை கைவந்த பிறகு, நாடாவுக்கு வேறு வேலைகளும் கிடைத்தன. மெய்யான விமானங்களிலேயே நாடா உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. துணி போர்த்திய இறக்கைகளில், துணியை உள்ளேயிருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்களோடு நூலால் தைத்து, அந்தத் தையலின்மேல் துணி நாடாவை வைத்து மெழுகுவார்கள். மாதிரியில் அந்த மெல்லிய வரம்புகளைக் காட்ட, நாடாவைத் தவிர வேறு எதுவும் அவ்வளவு இயல்பாக அமையாது. ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களின் இறக்கை முகப்பில், துப்பாக்கி வாய்களை மூடிச் சிவப்புத் துணித் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். உயரத்தில் ஈரமும் குளிரும் புகுந்து துப்பாக்கி உறைந்துபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு. சுட்டால் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். விமானம் திரும்பும்போது துணி கிழிந்திருந்தால், மேலே சண்டை நடந்திருக்கிறது என்று தரையில் காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். அந்தச் சிவப்புத் துண்டையும் மாதிரியில் நாடாவாலேயே ஒட்டலாம்.

ஆனால் வித்தை கைவந்ததும் அளவு மறந்துபோகும் அபாயமும் உண்டு. கண்ட இடத்திலெல்லாம் ஒட்டத் தொடங்கினால் விமானம் அம்மை போட்ட முகம் போலாகிவிடும். பழைய பெட்டிகள் சிலவற்றில் ரிவெட்டுகள் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் புடைத்திருக்கும். கணக்குப் போட்டால் மெய்யான விமானத்தில் 36 மில்லிமீட்டர்; நம் ஊர்ப் பெரிய வாயிற்கதவுகளின் குமிழாணிகள்தாம் நினைவுக்கு வரும்! வேகமாகப் பறக்கும் விமானங்களில் ரிவெட்டின் தலை தகட்டோடு தகடாக இருக்கும்படி அடித்திருப்பார்கள். அங்கே மேடு காட்டுவது பொய். டைபூனிலும் 1942-ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முந்திய விமானத்தைச் செய்பவன் அந்த இருபது தகடுகளை ஒட்டினால், அதுவும் பொய்தான். எங்கே மேடு இருந்தது, எப்போது வந்தது, எதற்காக வந்தது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே பிளேடைக் கையில் எடுப்பது என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன்.

முடிவாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரெயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் சுத்தியலும் கையில் ஸ்பானருமாகத் தண்டவாளத்தோடு நாள்தோறும் மைல் கணக்கில் நடந்தவர். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர், அலமாரியில் இருந்த டைபூனை எடுத்து மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் அதன் பெரிய முகவாயையும் ராக்கெட்டுகளையுமே பார்ப்பார்கள். இவர் பார்வை நேரே வாலுக்குப் போயிற்று.

"இது என்ன சார், பிஷ்பிளேட் மாதிரி இருக்கிறதே?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். ஆங்கிலத்தில் அந்தத் தகடுகளுக்குப் பெயரே பிஷ்பிளேட்தான். முறிந்த பாய்மரத்துக்கு வலுவாக வைத்துக் கட்டும் மரத்துண்டுக்குக் கப்பற்காரர்கள் வைத்த பெயர், இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் இரும்புப் பட்டைக்கு வந்து, அங்கிருந்து ஆகாயத்துக்கும் ஏறியிருக்கிறது. மீனுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவரிடம் அந்த விமானத்தின் கதையை முழுவதும் சொன்னேன். மௌனமாகக் கேட்டார்.

"எத்தனை பேர் போன பிறகு போட்டார்கள்?" என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

"சேர்மானம் இருக்கிற இடத்தைத்தான் சார் முதலில் பார்க்க வேண்டும். மற்ற இடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, மாதிரியைக் குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல அலமாரியில் வைத்தார்.

அந்த வாலை வழவழப்பாக வைத்திருந்தால் அவர் கண் அங்கே நின்றிருக்காது. அந்தக் கேள்வியும் பிறந்திருக்காது. விலை மதிப்பில்லாத இருபது நாடாத் துண்டுகள், எண்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஒரு நாட்டில் மாண்டவர்களைப் பற்றி, எங்கள் தெருவில் ஒருவரைக் கேட்க வைத்தன. இப்போதெல்லாம் எந்தப் பொருளிலும் ஒரு மேடு விரலில் தட்டுப்பட்டால், நான் உடனே உப்புத்தாளைத் தேடுவதில்லை. யார், எதற்காக வைத்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.